எல்க் மானை அழைக்கும்போது எங்கே நிற்பது?

கொலராடோவுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன், வரும் செப்டம்பரில் முதன்முறையாக வில்லோடு எல்க் வேட்டைக்குப் போகிறேன், எல்க்கின் குரலை எழுப்ப வாயில் வைத்து ஊதும் டயஃப்ரம் என்ற சிறு ரப்பர் கருவியை வாங்கி இரண்டு மாதமாக ஊதிப் பார்க்கிறேன், குரல் ஓரளவு வந்துவிட்டது, காட்டில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு செப்டம்பர்களை இந்த மலைகளில் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்க்கை அழைத்துத் தோற்பவர்களில் பெரும்பாலோர் குரல் சரியில்லாமல் தோற்பதில்லை; நின்ற இடம் சரியில்லாமல் தோற்கிறார்கள். நீங்கள் எழுப்பும் ஒலி அந்த விலங்குக்கு ஒரு சேதி. 'இங்கே ஒரு பெண் நிற்கிறாள்' என்றோ 'இங்கே ஒரு எதிராளி நிற்கிறான்' என்றோ அது அறிவிக்கிறது. அந்தச் சேதியை எல்க் அப்படியே நம்பிவிடாது. கண்ணால் சரிபார்க்கும். பிறகு காற்று வாட்டத்துக்குச் சுற்றிவந்து மூக்கால் சரிபார்க்கும். அப்படிச் சரிபார்க்க அது வந்து நிற்கும் இடம் உங்கள் அம்பு எட்டும் தொலைவுக்குள் இருக்க வேண்டும். நான் கீழே எழுதப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். இங்கே ஆண் எல்க்கையும் பெண் எல்க்கையும் மாட்டுக்குச் சொல்லும் பெயர்களாலேயே அழைக்கிறார்கள். தமிழில் ஆண் மானுக்குக் கலை என்றும் பெண் மானுக்குப் பிணை என்றும் அழகான தனிப்பெயர்கள் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? நான் கலை, பிணை என்றே எழுதுகிறேன். கலை 300 கிலோவைத் தாண்டும். பிணை அதைவிடச் சிறியது, ஏறத்தாழ 225 கிலோ. நீலகிரியில் கடமானைப் பார்த்திருந்தால், அதைவிடப் பெரிய உடல், வெளிறிய பின்புறம், கழுத்தில் கருத்த பிடரி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வாப்பிட்டி என்ற இதன் இன்னொரு பெயர் ஷானி பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. அந்த வெளிறிய பின்புறத்தைத்தான் அது குறிக்கிறது.

ஊதுவதற்கு முன் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு அருகிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் மொரெய்ன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளிகளின் ஓரச் சாலையில் மாலையில் போய் நில்லுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்தப் பக்கத்தில் எல்க் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்ட மந்தையின் வழிவந்தவைதான் இன்று அங்கே முழங்குகின்றன. பூங்காவுக்குள் வேட்டை இல்லை என்பதால் அவை மனிதர்களைப் பொருட்படுத்தாமல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் டயஃப்ரத்தை அங்கே வாயில் வைக்காதீர்கள். பூங்காவுக்குள் விலங்குகளைக் குரல்கொடுத்து அழைப்பது சட்டப்படி குற்றம். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, எந்த ஒலிக்கு எந்த விலங்கு என்ன செய்தது என்று எழுதிவைத்தேன். இணையத்தில் கேட்கும் பதிவுகளில் ஒலி மட்டும் கிடைக்கும். அந்த ஒலியைக் கேட்டதும் மற்ற விலங்கு தலையைத் தூக்கியதா, காதைத் திருப்பியதா, மேய்ந்துகொண்டே இருந்ததா என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கலையின் முழக்கத்தை இங்கே பியூகிள் என்கிறார்கள். அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, காதைத் துளைக்கும் சீழ்க்கையாக நின்று, சட்டென்று இறங்கும். இவ்வளவு பெரிய உடலிலிருந்து இவ்வளவு மெல்லிய ஒலி எப்படி வருகிறது என்பது ஆய்வாளர்களுக்கே புதிராக இருந்தது. எல்க்கின் நெருங்கிய உறவான ஐரோப்பியச் செம்மான் தன் உடலுக்கேற்ப ஆழ்ந்த குரலில்தான் கர்ஜிக்கும். எல்க் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது, ஆழ்ந்த கர்ஜனை ஒன்று, அதன் மேல் ஏறி நிற்கும் சீழ்க்கை ஒன்று என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது. நேரில் அருகில் நின்று கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். தொலைவில் சீழ்க்கை மட்டும் கேட்கும். 50 கஜத்தில் அதன் அடியில் இருக்கும் உறுமல் உங்கள் நெஞ்சுக்கூட்டில் அதிரும். வாயில் வெறும் டயஃப்ரத்தை ஊதினால் சீழ்க்கை மட்டுமே கிடைக்கும். நீண்ட பியூகிள் குழாயை வாயோடு சேர்த்து, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி, தொண்டைக் குரலையும் கலந்தால்தான் அந்தக் கனம் வரும்.

பியூகிளுக்குப் பின்னால் கலை சில நேரம் 'ஹ்ஹ, ஹ்ஹ, ஹ்ஹ' என்று அடுக்கடுக்காக உறுமும். தன் மந்தையை விட்டுக்கொடுக்க மனமில்லாத கலையிடமிருந்து இது அதிகம் வரும். பிணையின் சாதாரணக் குரல் ஒரு நொடிகூட நீளாத 'ஈ…ஊ'. உயரத்தில் தொடங்கிச் சரிந்து விழும். கன்றின் குரலும் அதேதான், இன்னும் மெல்லியது, இன்னும் குட்டையானது. மந்தை நடக்கும்போது இந்தக் குரல்கள் ஓயாமல் கேட்கும். 'இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. இவை தவிர, கூர்மையான ஒற்றைக் குரைப்பு ஒன்று உண்டு. அதைக் கேட்டால் உங்களை ஏதோ ஒரு கண் பார்த்துவிட்டது என்று பொருள்.

பிணை பருவத்துக்கு வரும்போது எழுப்பும் இழுவையான முனகலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு 'பசு காளைக்குக் கத்துகிறது' என்றால் என்னவென்று தெரியும். அதே செய்திதான் இங்கும். பசுவைப் போலவே, சினைப்படாத பிணையும் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்குத் திரும்பும். அந்தப் பருவம் ஒரு நாள்கூட நீடிக்காது. அதனால்தான் கலைகள் அந்த முனகலுக்கு அப்படித் துடிக்கின்றன. ஆனால் அதனால்தான் அதை எடுத்ததற்கெல்லாம் ஊதக் கூடாது என்றும் சொல்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில், எந்தப் பிணையும் பருவத்துக்கு வராத நாளில், அதைக் காடு முழுக்க முனகிக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கிறேன். பருவம் தப்பிய அந்தக் குரல் மந்தைக்குச் சந்தேகத்தைத்தான் தரும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாதசுவரத்தின் சீவாளியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு டயஃப்ரத்தின் சூட்சுமம் எளிதில் பிடிபடும். அங்கே உதடு செய்யும் வேலையை இங்கே நாக்கு செய்கிறது. குதிரைலாட வடிவச் சட்டத்தின் திறந்த பக்கம் பல்லைப் பார்த்திருக்க, மேலண்ணத்தில் ஒட்டி வையுங்கள். பக்கவாட்டில் காற்று கசிந்தால் ஓரத்து நாடா உங்கள் அண்ணத்துக்குப் பொருந்தவில்லை. சற்றே கத்தரித்துப் பாருங்கள், அல்லது அகலம் குறைந்த வேறொன்றை வாங்குங்கள். குமட்டல் வருவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல வயிற்றிலிருந்து ஊதுங்கள், கன்னத்திலிருந்து ஊதாதீர்கள். நாக்கை அழுத்தினால் குரல் ஏறும், தாடையை இறக்கினால் சரியும். ஈர ரப்பரை அப்படியே டப்பாவில் போட்டு மூடாதீர்கள், ஒட்டிப்போகும். முதல் ஆண்டில் டயஃப்ரம் கைகொடுக்காவிட்டால், பல்லால் கடித்து ஊதும் ரீட் கருவியால் பிணைக்குரலை எளிதாகக் கொண்டுவரலாம். ஆனால் வில்லை இழுக்கும்போது இரு கையும் வேலையாக இருக்கும். அந்தக் கடைசி நொடியில் ஒரு மெல்லிய பிணைக்குரல் தேவைப்படும். அதற்காகவாவது டயஃப்ரத்தைப் பழகிவிடுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் விடும் மின்னணுக் கருவிகளைத் தொடவே வேண்டாம். கொலராடோ உட்படப் பல மாநிலங்களில் பெருவிலங்கு வேட்டைக்கு அவை தடை செய்யப்பட்டவை.

குரலில் பிழை இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ராக்கி மலை எல்க் அறக்கட்டளை நடத்தும் உலக எல்க் அழைப்புப் போட்டிகளில் மேடையேறுபவர்களின் குரலோடு உங்கள் குரலை ஒப்பிட்டுச் சோர்ந்துபோகிறவர் நீங்கள் மட்டும் அல்ல. ஆனால் அந்தப் போட்டிகளில் மதிப்பெண் போடுபவர்கள் மனிதர்கள். காட்டில் கரகரத்த கலையும் உண்டு, கீச்சிடும் கலையும் உண்டு, பாதியில் குரல் உடையும் இளங்கலையும் உண்டு. ஒருநாள் புதரின் மறுபுறத்திலிருந்து வந்த பியூகிளைக் கேட்டு, யாரோ தொடக்கநிலை வேட்டைக்காரர் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆறு கிளைக் கொம்போடு ஒரு பெரிய கலை என்னைப் பார்த்தபடி நின்றது. அன்றிலிருந்து 'சரியான குரல்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

இனி காற்று. குரலைப் பழக இரண்டு மாதம் செலவிட்டீர்கள் அல்லவா, காற்றைப் பழக அதில் பாதியாவது செலவிடுங்கள். எல்க் தன் காதைச் சந்தேகிக்கும், சில நேரம் கண்ணையும் சந்தேகிக்கும், மூக்கை ஒருபோதும் சந்தேகிக்காது. மலையில் காற்றுக்கு ஓர் அன்றாட ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே வழியும், அதிகாலையிலும் அப்படித்தான். வெயில் சரிவில் விழுந்து நிலம் சூடானதும், பெரும்பாலும் 9 மணியிலிருந்து 10 மணிக்குள், அது திரும்பி மேலேறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். அந்தத் திருப்பத்தின்போது, ஒரு முக்கால் மணி நேரம், காற்று எந்தப் பக்கமும் நிலைக்காமல் சுழலும். அந்த நேரத்தில் மந்தைக்கு அருகில் இருந்தால் நான் அழைக்கவே மாட்டேன். பின்வாங்கி, காற்று நிலைக்கும் வரை உட்கார்ந்திருப்பேன்.

பொடி தூவும் சிறு குப்பியை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். அதோடு, நம் ஊர் எருக்கின் உறவான மில்க்வீட் செடியின் பஞ்சையும் ஒரு டப்பியில் எடுத்துப் போங்கள். பொடி உங்கள் முகத்தருகில் காற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பஞ்சு மிதந்துபோய், 60 கஜத்துக்கு அப்பால் அதே காற்று ஒரு ஓடைப் பள்ளத்தில் இறங்கி வேறு திசையில் திரும்புவதைக் காட்டிக்கொடுக்கும். எத்தனையோ முறை அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் இடத்தை மாற்றியிருக்கிறேன்.

இப்போது நிற்கும் இடத்துக்கு வருகிறேன். என் முதல் பருவத்தில், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிய ஒரு சரிவில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் நல்ல மறைவில் உட்கார்ந்து அழைத்தேன். முன்னால் பரந்த வெட்டவெளி. தெளிவாகப் பார்க்க முடிகிறது, நன்றாகக் குறிவைக்கலாம் என்று அந்த இடத்தைத் தேர்ந்திருந்தேன். கலை பதில் கொடுத்தது. இருமுறை, மும்முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் அருகிலிருந்து. வெளியின் மறுகரையில், ஏறத்தாழ 90 கஜத்தில், மரங்களுக்கிடையிலிருந்து வந்து நின்றது. நான் இருந்த திசையையே நான்கு நிமிடம் அசையாமல் பார்த்தது. பிறகு திரும்பிப் போயிற்று. நான் எவ்வளவு கெஞ்சிக் குரல் கொடுத்தும் திரும்பவில்லை.

எனக்கு வேட்டை கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தச்சர். அன்று மாலை அவரிடம் 'என் குரலை அது நம்பவில்லை' என்று சொன்னேன். அவர் மறுநாள் என்னை அதே இடத்துக்கு அழைத்துப்போய், கலை நின்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. 'இந்த வெளியில் ஒரு பிணை நின்றால் உனக்குத் தெரியுமா, தெரியாதா?' என்று கேட்டார். நிச்சயம் தெரியும். 'அதுவும் இதைத்தான் பார்த்தது. உன் குரலை நம்பித்தான் வந்தது. வந்து பார்த்தது, பிணை இல்லை, போய்விட்டது.' பிறகு மேட்டின் மறுபுறம், 30 கஜம் கீழே இறங்கி ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து அழைத்திருந்தால், அந்தப் பிணையைப் பார்க்க வேண்டுமென்றால் கலை மேட்டின் விளிம்புக்கு வந்தே ஆக வேண்டும். விளிம்புக்கு வந்தால் 30 கஜம்.

அந்த ஒரு காலைப்பொழுதில் நான் கற்றது, அதற்கு முன் மாதக்கணக்கில் ஊதிக் கற்றதைவிட அதிகம். இன்றும் ஓர் இடத்தில் நின்று அழைப்பதற்கு முன் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் குரல் எழுந்த இடத்தை அது முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும்போது எத்தனை கஜத்தில் நிற்கும்? 40 கஜத்துக்கு மேல் என்றால் அங்கே வாயைத் திறக்காமல் இடம் மாறுகிறேன். மேட்டு விளிம்பு, பாதையின் வளைவு, இளம் ஸ்ப்ரூஸ் மரங்களின் அடர்த்தி, இவையெல்லாம் உங்களுக்கு நண்பர்கள். வெட்டவெளி துப்பாக்கிக்காரர்களுக்கு உகந்தது, வில்காரர்களுக்கு அல்ல. இன்னொன்று: மரத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள், முன்னால் நில்லுங்கள். உருமறைப்பு உடையில், முதுகுக்குப் பின்னால் அடர்ந்த பின்புலம் இருந்தால், அசையாத மனிதனை எல்க் எளிதில் பிரித்தறியாது. மரத்துக்குப் பின்னால் நின்றால் அம்பு விட நீங்கள் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். அந்த அசைவு போதும், எல்லாம் முடிந்துவிடும்.

இருவராகப் போக முடிந்தால் முதல் பருவத்தில் இருவராகவே போங்கள். அழைப்பவர் பின்னால், வில்லோடு இருப்பவர் 40 முதல் 70 கஜம் முன்னால். கலை தேடுவது அழைப்பவரை. வில்காரர் அதன் நினைவிலேயே இல்லை. ஆனால் முன்னால் என்றால் நேர்கோட்டில் முன்னால் அல்ல. அழைப்பவரின் மோப்பத்தைப் பிடிக்கக் கலை காற்று போகும் பக்கமாகத்தான் சுற்றிவரும். எனவே வில்காரர் அந்தப் பக்கமாகச் சற்று ஒதுங்கி, அந்தச் சுற்றுப்பாதையில் நிற்க வேண்டும். அழைப்பவர் ஒரே இடத்தில் நட்டுவைத்ததுபோல இருக்க வேண்டியதில்லை. கலை ஒதுங்கிப் போனால் அவரும் எதிர்ப்பக்கம் நகர்ந்து, அதை வில்காரர் பக்கம் இழுத்து வரலாம். காய்ந்த கிளைகளை மிதிக்கலாம், தடித்த குச்சியால் மரப்பட்டையை உரசிக் கொம்பு தேய்க்கும் ஒலியை உண்டாக்கலாம், கல்லை உருட்டலாம். 200 கிலோ விலங்கு காட்டில் ஓசையின்றி நிற்பதில்லை. வெறும் குரல் மட்டும் காற்றில் மிதந்து வந்தால், பலமுறை ஏமாந்து பழகிய எல்க்குக்கு அதுவே எச்சரிக்கை. பொதுநிலத்தில் வேட்டையாடும் நமக்கு அப்படிப்பட்ட எல்க்குகள்தான் வாய்க்கும்.

தனியாகப் போனால் அந்த இரண்டு பேரும் நீங்களேதான். பியூகிள் குழாயைப் பின்பக்கம் திருப்பி ஊதினால் குரல் தொலைவிலிருந்து வருவதுபோல இருக்கும். அழைத்து முடித்ததும், கலை பதில் கொடுத்து நகரத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால், அது வரும் திசையில் 20, 30 கஜம் ஓசையின்றி முன்னேறி நின்றுகொள்ளுங்கள். அது நீங்கள் அழைத்த இடத்தைத் தேடி வரும்; நீங்கள் அதற்கு முன்னாலேயே இருப்பீர்கள். அதன் பிறகு வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் அதன் கண் உங்கள் மேல் வந்து நிலைத்துவிடும்.

எந்த நாளில் எதைச் சொல்வது? கொலராடோவில் வில் பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. முதல் பத்து நாள் காடு பெரும்பாலும் மௌனமாக இருக்கும். கலைகள் கொம்பின் மென்தோலை உரித்து முடித்த கையோடு இருக்கும், மந்தைகள் இன்னும் சரியாகக் கட்டப்பட்டிருக்காது. இந்த நாட்களில் நீர்நிலைகளுக்கும் சேற்றுக்குழிகளுக்கும் அருகில் உட்கார்ந்து, கால்மணிக்கொரு முறை இரண்டு மெல்லிய பிணைக்குரல், ஒரு கன்றுக்குரல் கொடுத்தால் போதும். கலைகள் அமைதியாக வரும். 15-ஆம் தேதியை ஒட்டி முழக்கம் ஏறும். மாதக் கடைசிப் பத்து நாள் உச்சம். இருட்டுக்குள்ளேயே மூன்று திசையிலும் பியூகிள் கேட்கும்.

அந்த நாட்களில் விடியுமுன் ஒரு முகட்டில் நின்று ஒரே ஒரு தேடல் பியூகிள் விடுங்கள். உறுமல் சேர்க்காமல், நீண்ட தெளிவான சீழ்க்கை. 'யார் இருக்கிறீர்கள்?' என்பதுதான் அதன் பொருள். பதில் வந்தால் திரும்பப் பதில் சொல்லாதீர்கள். இதுதான் புதியவர்களுக்குக் கட்டுப்படுத்த முடியாத ஆசை. அரை மைல் தொலைவிலிருந்து அதனோடு பேசிக்கொண்டே இருந்தால், மந்தை வைத்திருக்கும் கலை தன் பிணைகளைத் திரட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடும். அதற்குச் சண்டை தேவையில்லை, அது வேண்டியதை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, காற்றைப் பார்த்து, 100 கஜத்துக்குள் நெருங்குங்கள். நெருங்கிய பிறகு அது முழங்கத் தொடங்கும்போதே பாதியில் வெட்டி, உறுமலோடு ஓர் அறைகூவல் பியூகிள் விடுங்கள். தன் வாசலிலேயே இன்னொருவன் வந்து நிற்பதை அது பொறுக்காது. தொலைவில் அதே அறைகூவல் அதை விரட்டும், அருகில் இழுக்கும். ஒலி ஒன்றுதான், பொருள் வேறு.

மந்தைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் துணைக்கலைகளின் நிலை வேறு. அவற்றுக்குப் பிணை இல்லை, பெரிய கலையிடம் அடி வாங்கும் அச்சமும் உண்டு. அறைகூவினால் ஓடிவிடும், மந்தையை விட்டு விலகி நிற்கும் பிணையின் மெல்லிய குரலைக் கேட்டால் வரும், அதுவும் பெரும்பாலும் வாயே திறக்காமல் வரும். முதல் வேட்டையில் உங்களுக்கு அம்பு எல்லைக்குள் கிடைக்கப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இளங்கலைதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் உரிமத்தில் எத்தகைய கலையைச் சுடலாம், கொம்புக்கு எத்தனை கிளை இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

வாய் திறக்காமல் வரும் என்றேன். அதனால்தான் காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் வரவில்லை என்று பத்து நிமிடத்தில் எழுந்து நடப்பவர்கள், வந்துகொண்டிருந்த எல்க்கைத் தாங்களே விரட்டிவிடுகிறார்கள். எழுந்ததும் 50 கஜத்தில் கிளைகள் முறியும் ஒலியும், மறையும் வெளிறிய பின்புறமும். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. கடைசிக் குரலுக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் அசையாமல் இருங்கள், முடிந்தால் முக்கால் மணி.

அது வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னாலோ புதருக்குப் பின்னாலோ மறையும் நொடியில் வில்லை இழுங்கள். அதன் கண் உங்களைப் பார்க்கக்கூடிய எந்த நொடியிலும் இழுக்காதீர்கள். மறைவிலிருந்து வெளிவந்ததும் நடந்துகொண்டே இருந்தால், வாயிலிருக்கும் டயஃப்ரத்தால் ஒரு சின்னப் பிணைக்குரல் கொடுங்கள், நின்று திரும்பிப் பார்க்கும். பக்கவாட்டில் நிற்கிறதா, முன்னங்காலுக்குப் பின்னுள்ள நெஞ்சுப்பகுதி தெளிவாகத் தெரிகிறதா, நீங்கள் வீட்டில் ஐந்தில் ஐந்து அம்பையும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குள் போட்ட தொலைவா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் விடுங்கள். நேருக்கு நேர் நிற்கும் எல்க்கின் நெஞ்சில் விடலாம் என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். நான் விட்டதில்லை, உங்களையும் விடச் சொல்ல மாட்டேன். காயத்தோடு ஓடி மலைக்குள் மறைந்த ஒரு விலங்கை இரண்டு நாள் தேடியவர்களோடு நானும் தேடியிருக்கிறேன். அதன் பிறகு தூக்கம் வர நெடுநாள் ஆயிற்று.

குரைப்புக் கேட்டுவிட்டால்? உடனே எழுந்து போய்விடாதீர்கள். அது உங்களைப் பார்த்திருக்கலாம், ஆனால் என்ன பார்த்தோம் என்று அதற்கு இன்னும் உறுதியில்லை. சிலையாக நின்று, சற்றுப் பொறுத்து, மிக மெல்லிய ஒரு பிணைக்குரல் கொடுங்கள். சில நேரம் அடங்கிவிடும். மோப்பம் பிடித்துவிட்டதென்றால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

பாதுகாப்புக்காக இரண்டு செய்திகள். உங்களுக்குப் பதில் சொல்லும் பியூகிள் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். முழு விலங்கையும் கண்ணால் காணும் வரை அம்பைக் குறிவைக்கவே கூடாது. மற்றது, நீங்கள் கொடுக்கும் கன்றுக்குரலும் பிணைக்குரலும் கரடிக்கும் பூமா எனப்படும் மலைச்சிங்கத்துக்கும் சாப்பாட்டு மணி. கொலராடோவில் கருங்கரடி மட்டும்தான். பின்னாளில் மொன்டானாவுக்கோ வயோமிங்குக்கோ போனால் அங்கே கிரிஸ்லி கரடியும் உண்டு. மிளகுத் தெளிப்பான் பையின் அடியில் அல்ல, இடுப்பு வாரில் இருக்க வேண்டும்.

அம்பு விட்ட மறுநொடி, கை நடுங்கினாலும், இன்னொரு பிணைக்குரல் கொடுங்கள். அம்பு பட்டதை எல்க் பல நேரம் புரிந்துகொள்வதில்லை. ஏதோ ஒலிக்குத் துள்ளி ஓடி, பின்னால் பிணைக்குரல் கேட்டதும் 50, 60 கஜத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் அங்கேயே சாயும். அழைக்காமல் விட்டால் அதே விலங்கு மலைச்சரிவின் அடிவாரம் வரை ஓடி விழும். 100 கிலோவுக்கு நெருங்கிய இறைச்சியைத் துண்டுபோட்டு முதுகில் சுமந்து ஏற வேண்டியவர் நீங்கள்தான். குரல் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அம்பு பட்ட இடத்தையும் அது கடைசியாக மறைந்த மரத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு, நன்றாகப் பட்டது என்று தோன்றினாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.